மைப்பேனாவும் ஏர் பிடிக்கும்

விசைப்படகு எஞ்சின் பழுது பார்க்கிற ஒருவன் மைப்பேனாவைப் பற்றி எழுதுவது வேடிக்கையாகத் தோன்றலாம். பாம்பனில் என் பட்டறைக்கு வருகிற படகுக்காரர்களுக்கும் அது வேடிக்கைதான். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய கணக்கு நோட்டில் நீல மையால் வரவு எழுதுவதைப் பார்த்து, "என்ன அண்ணே, பத்திரம் எழுதுகிறீர்களா?" என்று கேட்காதவர்கள் குறைவு. எனக்குப் பிடித்திருக்கிறது, எழுதுகிறேன். அதற்கு மேல் காரணம் இல்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையில் ஓய்வெடுக்கும். எங்களுக்கோ மூச்சுவிட நேரம் இருக்காது. அது முடிய ஒரு வாரம் இருந்தபோது பக்கத்து வீட்டுப் பெண் விரலெல்லாம் நீலமாக வந்து நின்றாள். பிளஸ் ஒன் சேரப் போகிறாள்; அவளுடைய சித்தப்பா வாங்கித் தந்த பேனா. "மாமா, மை பாதிதான் ஏறுகிறது. ஏறியதும் சொட்டுச் சொட்டாகக் கொட்டுகிறது. உள்ளே திருகுகிற குழாய் ஆடுகிறது. எங்கேயோ ஓட்டை இருக்கிறது போல" என்றாள். அவள் கையிலிருந்த பேனாவுக்கும் அன்று காலை நான் திறந்து போட்டிருந்த எஞ்சினுக்கும் ஒரே நோய். அதனால் எஞ்சினிலிருந்தே தொடங்குகிறேன்.

தொட்டியிலிருந்து டீசலை இழுத்து வருகிற குழாயில் ஒரு மூட்டு தளர்ந்தால் என்ன ஆகும்? ஒழுகும் என்று புதிதாக வேலைக்குச் சேரும் பையன்கள் சொல்வார்கள். பம்புக்கு அப்பால், டீசலை அழுத்தித் தள்ளுகிற பக்கம் தளர்ந்தால் ஒழுகும். பம்புக்கு முன்னால், இழுக்கிற பக்கம் தளர்ந்தால் வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் உள்ளே காற்று போகலாம். எஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுவிடும். 'ஏர் பிடித்துவிட்டது' என்று நாங்கள் சொல்வது இதைத்தான். ஈரத்தைத் தேடித் துணியால் குழாயைத் துடைத்துக்கொண்டே இருப்பவனுக்கு அந்த மூட்டு அகப்படவே அகப்படாது.

மைப்பேனா முழுவதுமே இழுக்கிற பக்கம்தான். அதனுள் மையைத் தள்ளுகிற பம்பு எதுவும் இல்லை. மை தன் எடையாலும், நுண்ணிய பிளவுகளில் தானே ஊர்ந்து செல்லும் குணத்தாலும் நிப்புக்கு வருகிறது. அப்படி வெளியேறுகிற மைக்கு ஈடாக அதே அளவு காற்று உள்ளே போயாக வேண்டும். தண்ணீர் நிறைந்த பாட்டிலைக் கவிழ்த்தால் களக் களக்கென்று கேட்கிறதே, அது காற்று உள்ளே போகிற சத்தம். பேனாவில் அந்தக் காற்று நிப்புக்கு அடியில் ஒட்டியிருக்கும் கறுப்புக் கட்டையின் வழியாகத்தான், குமிழ் குமிழாக, கணக்காகப் போகவேண்டும். அந்தக் கட்டையில் மைக்கும் காற்றுக்கும் மெல்லிய பள்ளங்கள் வெட்டியிருக்கும். நியூயார்க்கில் லூயிஸ் வாட்டர்மேன் 1884-இல் காப்புரிமை பெற்றது இப்படிப்பட்ட பள்ளங்களுக்குத்தான். பார்வைக்கு ஒன்றுமில்லாத அந்தக் கட்டைதான் பேனாவின் மூளை என்பேன். நிப்பைப் புகழ்கிறவர்கள் புகழட்டும்.

இளநீரில் உறிஞ்சுகுழல் போட்டு, பாதி ஏறியதும் மேல்நுனியை விரலால் அடைத்து வெளியே எடுத்துப் பாருங்கள். இளநீர் கீழே விழாமல் குழலுக்குள்ளேயே நிற்கும். விரலை எடுத்தால் கொட்டிவிடும். பேனாவுக்குள் மை நிற்பதும் இப்படித்தான். உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம் வெளிக்காற்றைவிட ஒரு நூலிழை குறைவாக இருப்பதால் மை தொங்கி நிற்கிறது. மை ஏற்றும் பகுதியில் ஏதோ ஒரு மூட்டு தளர்ந்தால், அது விரலைப் பாதி எடுத்ததற்குச் சமம். நிரப்பும்போது மைக்குப் பதிலாக அந்த இடுக்கு வழியே காற்று ஏறுகிறது, பாதிதான் நிரம்புகிறது. எழுதும்போது அதே இடுக்கு வழியே கணக்கில்லாமல் காற்று நுழைகிறது. மை மொத்தமாக இறங்கிக் கொட்டுகிறது. அவள் சொன்ன இரண்டு குறைகளும் உண்மையில் ஒரே குறை.

இனி அந்த இடுக்கைத் தேட வேண்டும். எங்கே தேடுவது என்பது உங்கள் பேனா மையை எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதைப் பொறுத்தது. உடலைத் திறந்தால் உள்ளே தனியாக ஒரு சிறு குழாய் இருந்து, அதன் வாலைத் திருகினால் உள்ளே ஓர் அடைப்பு மேலும் கீழும் போனால், அது கன்வர்ட்டர். குழாய் எதுவும் இல்லாமல் பேனாவின் பின்முனையையே திருகி மையை இழுத்தால், அது பிஸ்டன் பேனா. உடலுக்குள்ளேயே நேரடியாக மையை ஊற்றினால், நம் அப்பாக்கள் காலத்து ஃபில்லர் பேனா. உள்ளே ரப்பர் பை இருந்து அதை அழுத்தி விடுவது இன்னொரு வகை. இன்று கடையில் வாங்குகிற பேனாக்களில் கன்வர்ட்டர்தான் அதிகம், புகாரும் அதில்தான் அதிகம்.

முதல் வேலை, மையைக் கொட்டிவிட்டு எல்லாவற்றையும் தண்ணீரில் கழுவுவது. மையோடு சோதித்தால் கைதான் நீலமாகும். பிறகு கன்வர்ட்டரைப் பேனாவிலிருந்து கழற்றி, அதைத் தனியாகத் தண்ணீரில் முக்கி, வாலைத் திருகித் தண்ணீர் இழுங்கள். வாயைக் கீழே பார்த்துப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் பொறுங்கள். தண்ணீர் நின்றால் கன்வர்ட்டர் நல்லது. நோய் அதுவும் பேனாவும் சேருகிற இடத்தில் இருக்கிறது. தண்ணீர் வடிந்தாலோ, அடைப்புக்குப் பின்னால், இருக்கக்கூடாத இடத்தில், ஈரம் தெரிந்தாலோ, கன்வர்ட்டருக்குள் இருக்கும் அந்த ரப்பர் அடைப்பு தேய்ந்துவிட்டது. கைப்பம்பில் வாஷர் போனால் எவ்வளவு அடித்தாலும் தண்ணீர் ஏறாதல்லவா? அதே கதை. பல ஊர்ச் சண்டைகளைத் தீர்த்துவைக்கும் பஞ்சாயத்தைப் போல, இந்த ஒரு சோதனை பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

சேருகிற இடத்தில்தான் நோய் என்று தெரிந்தால், சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்க்கிற முறை போதும். அடைப்பை மேலே இழுத்துக் கன்வர்ட்டருக்குள் வெறும் காற்றை வைத்துக்கொண்டு, அதைப் பேனாவின் கழுத்தில், அதாவது நிப் பதிந்திருக்கிற முன்பகுதியில், பொருத்துங்கள். மூட்டு முழுவதும் மூழ்கும்படி தண்ணீரில் பிடித்துக்கொண்டு, வாலைத் திருகிக் காற்றைக் கீழே தள்ளுங்கள். நிப்பிலிருந்து குமிழ் வருவது முறை. கழுத்தும் கன்வர்ட்டரும் சேருகிற இடத்திலிருந்து குமிழ் வந்தால் திருடன் பிடிபட்டான்.

அந்த மூட்டு ஏன் தளர்கிறது? முதல் காரணம், அது அந்தப் பேனாவின் கன்வர்ட்டரே அல்ல. பார்க்கர், லாமி, பைலட், செய்லர், பிளாட்டினம் என்று ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வாயின் அளவு வேறு. இவற்றில் சேராத பல பேனாக்கள் 'இன்டர்நேஷனல்' என்ற பொது அளவைப் பின்பற்றுகின்றன. "எல்லாவற்றுக்கும் பொருந்தும்" என்று சொல்லி விற்கப்படுவது பெரும்பாலும் இந்தப் பொது அளவுதான். எல்லாவற்றுக்கும் அது பொருந்தாது. அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தைக் கண் காணாது, காற்று காணும். லாமி சஃபாரி போன்றவற்றில் கன்வர்ட்டரின் பக்கவாட்டில் இரண்டு சிறு மொட்டுகள் இருக்கும்; அவை கழுத்திலுள்ள வெட்டுக்குள் உட்கார வேண்டும். திசை பார்க்காமல் செருகினால் கன்வர்ட்டர் பாதியில் நின்று ஆடும். உங்களுக்கு இதுதான் நேர்ந்திருந்தால், செலவே இல்லை.

இரண்டாவது காரணம், வாய் விரிந்துபோவது. மை அடைத்தே விற்கிற சிறு குழாயான கார்ட்ரிட்ஜில் ஊசி வைத்து மறுபடி மறுபடி மை நிரப்பிச் சிக்கனம் பிடிப்பவர்களுக்கு இது சீக்கிரம் வரும். கார்ட்ரிட்ஜின் பிளாஸ்டிக் மெல்லியது. ஒருமுறை செருகி முடித்துத் தூக்கிப் போடுவதற்காகச் செய்தது. நாலைந்து முறை கழற்றி மாட்டினாலே வாய் இளகத் தொடங்கலாம். கன்வர்ட்டர் இன்னும் கொஞ்சம் தாங்கும். இளகிவிட்டால் மாற்றுங்கள். நூல் சுற்றுவது, நெருப்பில் வாட்டி இறுக்குவது, பசை தடவுவது போன்ற வைத்தியமெல்லாம் கழுத்துக்குள் இருக்கும் சிறு குழலையும் சேர்த்துக் கெடுக்கும். கன்வர்ட்டர் போனால் கன்வர்ட்டர் வாங்கலாம். கழுத்து போனால் பேனா வாங்க வேண்டும்.

மூன்றாவதுதான் என் தொழில் கண்ணுக்குச் சுவையானது. பல பேனாக்களில் மூட்டு தளர்வதற்குக் காரணம், வேறோர் இடம் இறுகியிருப்பது. அடைப்பு காய்ந்து உள்சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. வால் திரும்ப மறுக்கிறது. நாம் பலத்தைப் போட்டுத் திருகுகிறோம். அடைப்பு அசைவதில்லை, அதற்குப் பதிலாக மொத்தக் கன்வர்ட்டரும் கழுத்தில் சுழன்று மூட்டைத் தேய்க்கிறது. அல்லது கன்வர்ட்டரின் நடுவிலுள்ள உலோக வளையம் மரை கழன்று, வாலே கையோடு வருகிறது. வளையம் கழன்றிருந்தால் திருப்பி இறுக்கினால் சரியாகிவிடும். ஆனால் அடைப்பை இளக்காமல் விட்டால் பத்து நாளில் மறுபடி கழலும். எங்கள் கடற்கரைச் சூட்டில், இரண்டு வாரம் எழுதாமல் வைத்த பேனாவில் மை காய்ந்து பிசின் போல ஆகிவிடுவது சாதாரணம். அதைத் திருகுவதற்கு முன் தண்ணீரில் ஓர் இரவு ஊற வையுங்கள். திருகும்போது கழுத்தைப் பிடிக்காமல் கன்வர்ட்டரின் உடலைப் பிடித்துக்கொண்டு திருகுங்கள். இந்த ஒரு பழக்கம் மூட்டின் ஆயுளைக் கூட்டும்.

இளக்குவதற்கு என்ன போடலாம்? இங்கே நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். பட்டறையில் கிரீஸுக்குப் பஞ்சமில்லை. என் முதல் பேனாவின் கன்வர்ட்டருக்குள் எஞ்சின் கிரீஸை ஒரு குச்சியில் எடுத்துத் தடவினேன். வழுக்கிக்கொண்டு ஓடியது, எனக்கு ஒரே பெருமை. மூன்றாம் நாள் பேனா எழுதவில்லை. கிரீஸ் மெல்ல இறங்கி, கறுப்புக் கட்டையின் பள்ளங்களில் படிந்துவிட்டது. மை என்பது பெரும்பாலும் தண்ணீர்; எண்ணெய் பட்ட இடத்தில் அது ஒட்டாது. கட்டையைச் சோப்புத் தண்ணீரில் ஒரு வாரம் கழுவினேன். அதற்குள் அடைப்பும் உப்பிப்போனது. பெட்ரோலியத்திலிருந்து வருகிற எந்தப் பிசுக்கும், வாசலின் உட்பட, பல வகை ரப்பருக்கு ஆகாது. தேங்காய் எண்ணெய் போடச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அது நாளடைவில் சிக்குப் பிடித்து இன்னும் மோசமாக ஒட்டும்.

வேண்டியது கலப்பில்லாத சிலிக்கான் கிரீஸ். சிறு டப்பா பல வருடம் வரும். பல் குத்தும் குச்சியின் நுனியில் கடுகில் பாதியளவு எடுத்து, அடைப்பு ஓடுகிற உள்சுவரில் தொட்டுவிட்டு, நாலைந்து முறை மேலும் கீழும் திருகுங்கள். போதும். கூடுதலாகப் போட்டால் நன்றாக ஓடும் என்று நினைப்பது எஞ்சினிலும் தப்பு, பேனாவிலும் தப்பு.

பிஸ்டன் பேனாவுக்கு வருவோம். பெலிக்கான் நிறுவனம் 1929-இல் இந்த முறையோடு பேனாவைக் கொண்டுவந்தது. அடிப்படை இன்றுவரை பெரிதாக மாறவில்லை. பின்குமிழைத் திருகினால் உள்ளே திருகுத்தண்டு சுழன்று அடைப்பை நேராக இழுக்கிறது. இதில் தளர்ச்சி இரண்டு விதம். குமிழ் மட்டும் ஆடுகிறது, ஆனால் மை ஒழுங்காக ஏறுகிறது, நிற்கிறது என்றால் அது அழகுக் குறை. மனம் கேட்காவிட்டாலும் கையை வைக்காதீர்கள். குமிழ் சுழன்றுகொண்டே இருக்கிறது, அடைப்பு நகரவில்லை என்றால் திருகுத்தண்டின் பிடி விட்டுப்போயிருக்கிறது. அதைத் திறப்பதில் கவனம் வேண்டும். ட்விஸ்பி நிறுவனம் சில பேனாக்களின் பெட்டியிலேயே ஒரு சிறு ஸ்பானரும் சிலிக்கான் கிரீஸும் வைத்துத் தருகிறது. அவை வாங்குகிறவரே திறந்து பார்ப்பதற்காகச் செய்யப்பட்டவை. வேறு சில பேனாக்களில் பின்பகுதி மரையால் இல்லாமல் வெறும் இறுக்கத்தால் மட்டும் பொருந்தியிருக்கும். மரை என்று நினைத்துக் குறடு போட்டுத் திருகினால் உடைந்துவிடும். மரை இருப்பவற்றிலும் சில எதிர்ப்பக்கம் திருகுபவை. உங்கள் பேனா எந்த ரகம் என்று உறுதியாகத் தெரியாவிட்டால், தெரிந்தவரிடம் கொடுங்கள். பத்து ரூபாய் போல்ட்டைக் கழற்றத் தெரியாமல் லட்ச ரூபாய் எஞ்சினை உடைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஃபில்லர் பேனாவில் அசையும் பாகமே கிடையாது. கழுத்தும் உடலும் சேருகிற மரை ஒன்றுதான் மூட்டு. ராஜமுந்திரியில் 1932 முதல் செய்யப்படும் ரத்னம் பேனாக்களும், திருவள்ளூரில் எபோனைட் என்கிற கெட்டி ரப்பரில் கையால் கடையும் பேனாக்கள் பலவும் இந்தக் குடும்பம். மரையில் கசிவு தெரிந்தால், சுத்தமாகத் துடைத்துச் சிலிக்கான் கிரீஸை மரை முழுவதும் மெல்லிய படலமாகத் தடவி மூடினால் போதும். குழாய் வேலைக்காரர்கள் சுற்றுகிற வெள்ளை டேப்பும் வேலை செய்யும்; எனக்கு அது பிடிக்காது, பிய்ந்து உள்ளே விழும்.

ஆனால் ஃபில்லர் பேனா மூட்டில் குற்றமே இல்லாமலும் சொட்டும். அதைத் தளர்ச்சி என்று நினைத்து மரையை இறுக்கி இறுக்கி விரிசல் விட்டவர்கள் உண்டு. காற்று சூடானால் விரியும், அதுதான் விஷயம். மூன்று மில்லி பிடிக்கும் உடலில் ஒரு மில்லி மை, இரண்டு மில்லி காற்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். காலையில் 27 டிகிரி. சட்டைப்பையில் உடம்புச் சூட்டுக்கு 37 டிகிரி ஆகிறது. காற்று ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு விரியும். இரண்டு மில்லிக்கு அது 0.067 மில்லி. ஒரு சொட்டு என்பது சுமார் 0.05 மில்லி. ஆக, ஒரு சொட்டுக்கு மேல் மை வெளியே தள்ளப்பட்டே தீரும். கட்டையின் பள்ளங்கள் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும். மிச்சம் உங்கள் சட்டைக்கு. மே மாதத்தில் பாம்பன் சாலைப் பாலத்தில் வெயிலோடு பைக்கில் போய் இறங்கினால், கணக்கு போட வேண்டிய தேவையே இருக்காது. மருந்து எளிது: மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே மை இறங்குவதற்கு முன் நிரப்பிவிடுங்கள். காற்று குறைந்தால் விரிவும் குறையும். கன்வர்ட்டரில் பெரும்பாலும் மொத்தமே ஒரு மில்லிக்கும் குறைவு என்பதால் இந்தத் தொல்லை அதிகம் தெரிவதில்லை.

ரப்பர் பை உள்ளவை பெரும்பாலும் பழைய பேனாக்கள். பக்கவாட்டில் நெம்புகோல் தூக்கிப் பையை அழுத்தும் முறைக்கு அமெரிக்காவில் வால்ட்டர் ஷேஃபர் என்ற நகைக்கடைக்காரர் 1908-இல் காப்புரிமை பெற்றார். நெம்புகோல் தொளதொளவென்று ஆடினால் உள்ளே பையை அழுத்தும் எஃகுப் பட்டை துருப்பிடித்து ஒடிந்திருக்கலாம்; உப்புக் காற்று வீசுகிற ஊரில் அதைச் சொல்லவே வேண்டாம். பை கழுத்தோடு சேருகிற இடத்தில் அரக்குக் கரைசலால் ஒட்டியிருப்பார்கள். அரக்கு ஏன் என்றால், பிறகு இளஞ்சூடு காட்டிக் கழற்ற முடியும். அந்த இடத்தில் உடனடிப் பசையைத் தொட்டுவிட்டால் அடுத்து வருகிற எந்தக் கைக்காரராலும் பிரிக்க முடியாது. பேனாவின் எந்த மூட்டிலும் அந்தப் பசையைப் போடாதீர்கள். அதன் ஆவி பட்டால் பிளாஸ்டிக்கில் வெள்ளை பூக்கும்.

கழுவுகிற தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தத் தீவில் பல கிணறுகளின் தண்ணீர் உவர்ப்பு. அதில் கழுவிக் காய வைத்தால் உள்சுவரில் வெள்ளையாக உப்பு படியும். அடைப்பு அதன்மேல் ஓடினால் அரம் போட்டது மாதிரிதான். கடைசி அலசலுக்காவது குடிக்கிற கேன் தண்ணீரோ, பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ வேண்டும். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம். எபோனைட்டின் கறுப்பு மங்கிப் பழுப்பாகிவிடும், சில பிளாஸ்டிக்குகள் வளையும். ஸ்பிரிட்டும் நகப்பூச்சு அழிக்கும் திரவமும் பேனாவின் பக்கமே வரக்கூடாது.

அந்தப் பெண்ணின் பேனாவுக்கு, கன்வர்ட்டர் தனியாகத் தண்ணீரைப் பிடித்தது. பேனாவோடு சேர்த்தபோது மூட்டிலிருந்து குமிழ் கிளம்பியது. பேனா வேறு நிறுவனத்துடையது, கன்வர்ட்டர் பொது அளவு. ராமநாதபுரம் போன அவளுடைய அப்பா சரியானதை வாங்கி வந்தார். மை ஏற்றினேன், முழுதும் ஏறியது. இருந்தாலும் எந்தப் பழுதையும் நான் உடனே கையில் கொடுத்து அனுப்புவதில்லை. ஒரு டம்ளரின் அடியில் வெள்ளைக் காகிதத்தை மடித்து வைத்து, மூடியைக் கழற்றிய பேனாவை அதில் நிப் கீழே பார்க்க, காகிதத்தில் படாமல் சாய்த்து நிறுத்தி, இரவு முழுவதும் விட்டேன்.

காலையில் காகிதத்தில் பட்டாணி அளவில் நீலமாக ஒரு பொட்டு இருந்தது. கன்வர்ட்டரை மறுபடி முக்கிப் பார்த்தேன், குமிழ் இல்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், நிப்பும் கறுப்புக் கட்டையும் கழுத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர் வெளியே வந்திருந்தன. பழைய கன்வர்ட்டரைப் பிடுங்குவதற்காக அவள் நிப்பைப் பிடித்துத் திருகியிருக்கிறாள். கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டாள். துணியால் பிடித்து, நேர் பார்த்து, இரண்டையும் சேர்த்து உள்ளே அழுத்தினேன். அன்றிரவு மறுபடி டம்ளர். அடுத்த காலையில் காகிதம் வெள்ளையாகவே இருந்தது. அதற்கு மறுநாள் தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்கின. அவள் பேனாவோடு பள்ளிக்கூடம் போனாள்.